மேலே, கீழே, மேலே

பாலிஷானனில் மழைக்கு விடுமுறை கிடையாது.
எனக்கும்தான்.
எர்ன் ஆற்றுப் பாலத்தை ஒட்டி, பழைய ரொட்டிக்கடையில்
பியூட்டர் உருக்குகிறேன்.
நல்ல மனசுள்ள உலோகம்.
பெரும்பங்கு வெள்ளீயம், துளி செம்பு, கொஞ்சம் அஞ்சனக்கல்.
இரும்பைப்போல வீம்பு பிடிக்காது,
காகிதத் துண்டு பழுப்பாகும் சூட்டிலேயே
கரண்டிக்குள் கண்ணாடியாகி
என் மூக்கை எனக்குக் காட்டும்.

மூன்று கால் சுழி,
தன் வாலைத் தானே கடிக்கும் வேட்டைநாய்,
கிரீடம் வைத்த இதயத்தைத் தாங்கும் இரு கைகள்,
எல்லாம் வார்ப்பேன். ஆனால்
வாடகையைக் கட்டியது முடிவில்லா முடிச்சுதான்.
ஒரே இழை. மேலே, கீழே, மேலே, கீழே,
ஊரெல்லாம் சுற்றித் தன்னையே வந்து தொடும்.
கறுப்புச் சாயம் தடவித் துடைத்தால்
சாயம் பள்ளத்தில் தங்கிவிடும்,
இழை எழுந்து நிற்கும்.
ஊசியாய், பதக்கமாய், கஃப் பொத்தானாய்
பதினோரு வருடம் விற்றேன்.
கூடவே ஒரு அட்டை:
"இது அவிழாது."

நவம்பரில் ஒரு செவ்வாய், ஊல்டன் கில்லெஸ்பி வந்தார்.
கில்லிபெக்ஸ் துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பவர்.
தொப்பி சொட்டச் சொட்ட
கழுத்துத் துண்டில் குத்தியிருந்த என் ஊசியைக் கழற்றி
மேசையில் வைத்தார்,
செத்த நண்டை வைப்பதுபோல.

"பல் வைத்தியரிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.
வேறு வேலையில்லை. நகத்தால் இழையின் பின்னாலேயே போனேன்.
ஒன்பதாவது குறுக்கில், மிஸஸ் டெவனி,
கீழே போகவேண்டியது மேலே போகிறது."

நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பச்சை வலைநூலை எடுத்தார்.
ஊசியைப் பார்த்துப் பார்த்து
என் பிழையோடு சேர்த்தே பின்னினார்,
இரு நுனியையும் கட்டி
ஒரு உதறு உதறினார்.

மேசைமேல் வெறும் வளையம்.
ஒரு சிக்கலும் இல்லை.
கோழி வந்து முட்டையிடலாம்.

ஈயத்தில் பிழைப்பவள் நான்,
பூசினமாதிரியும் பூசாதமாதிரியும்
பேசத் தெரிந்தவள்.
அன்று வாய் வரவில்லை.

கணக்குப் போட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம்.
மணப்பெண்களின் தோளில்,
ஸ்லைகோவில் ஒரு சவப்பெட்டிக்குள்,
யாரோ ஒரு நீதிபதியின் மணிக்கட்டில்,
அவிழ்ந்தே கிடந்திருக்கின்றன
இத்தனை காலமும்.
யாருக்கும் எதுவும் கழன்று விழவில்லை.

"கொடுங்கள், உருக்கித் திருத்தித் தருகிறேன்.
அரைமணி நேரம். காசு வேண்டாம்."
அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.
"தங்கை கல்யாணத்துக்கு வாங்கினது.
ஜோடி ஊசி அவளிடம் இருக்கிறது.
கல்யாணம் இன்னும் நிற்கிறது.
அவள் வந்தால் சொல்லிவிடாதீர்கள்."

புது அச்சுக்கு ஏழு இரவு.
ஒன்பதாவதில் கீழே போனேன்,
கை மேலே போகத்தான் துடித்தது.
மீந்திருந்த பழைய உருப்படிகளைக் கரண்டியில் போட்டேன்.
ஒரு முனகலும் இல்லாமல் கரைந்தன.

ஜனவரியில் கோனல் மெக்ஹியூ,
புண்டோரன் பேருந்தின் ஓட்டுநர்,
ஒற்றைக் கஃப் பொத்தானோடு வந்தார்.
மற்றது கால்பந்து மைதானச் சேற்றில் போயிற்றாம்.
புதியதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கினார். திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இது சரியில்லையே," என்றார்,
புதியதைத் தொட்டு.
"எங்கேயோ தப்பு இருக்கிறது."

கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.
பழைய அச்சில் பவுடர் தூவினேன்.
காகிதத் துண்டு பழுப்பாகும்வரை
ஆணியில் தொங்கும் பச்சை வளையத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைச் சாவியை
இப்போது அதில்தான் கோத்திருக்கிறேன்.